நகரம் உன் வாசலுக்கு வந்துவிட்டது

மல்பெரி தெரு,
கால்வெர்ட்டன், கென்டக்கி.
2003 ஜனவரி, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி நார்பர்ட்டுக்கு,

உன் அக்கா லியோனா ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நலமில்லை, வீட்டைச் சூடாக்குகிற கீழறைக் கொதிகலன் நலமில்லை, இவை இரண்டையும் நம்பி வாழ்கிற நான் மட்டும் எப்படியோ நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் உன் நலம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று சின்சினாட்டியிலிருந்து உன் மகள் ஜோலின் தொலைபேசியில் சொல்லிவிட்டாள், ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்தை மட்டும் போட்டு வருடா வருடம் அனுப்புகிறவனுக்கு இவ்வளவு நீளமாக எழுத எனக்கும் ஆசையில்லை, கை வலிக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. புத்தாண்டு அன்று காலையில் எங்கள் ஊர் வளர்ந்துவிட்டது. முந்தின நாள் படுக்கப்போனபோது இரண்டு லட்சம் பேர், நாட்டில் எண்பத்தோராவது பெரிய நகரம். எழுந்து பார்த்தால் ஐந்து லட்சம், இருபத்தொன்பதாவது இடமாம். "நகரமும் மாவட்டமும் ஒன்றாயின, மூன்று லட்சம் புதுக் குடிமக்கள்" என்று பேப்பரில் முதல் பக்கம் முழுக்கப் போட்டிருந்தான். ஓட்டுச்சாவடியில் "ஒன்றாகலாமா" என்று கேட்டபோது, ஒன்றாவது நல்ல காரியம்தானே என்று நானும் ஆம் போட்டிருந்தேன். மூன்று லட்சம் பேர் வருகிறார்கள் என்றால் எங்கே தங்குவார்கள் என்று ஒரு மனுஷிக்குக் கவலை வராதா? இந்தத் தெருவில் பாதி வீடு ஆளில்லாமல் பலகை அடித்துக் கிடக்கிறது. உன் அத்தான் ஆல்வின் போனபிறகு என் மாடி அறையும் சும்மாதான் இருக்கிறது. ஒரு நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விடலாம் என்று விரிப்பைத் துவைத்து, தலையணையைத் தட்டி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஒடெஸா வந்தாள். ஒடெஸா யார் என்று கேட்காதே. நீ அவசர அவசரமாக விற்றுவிட்டுப் போன வீட்டை வாங்கியவள், அன்று முதல் எனக்குப் பக்கத்து வீடு அவள்தான்.

"ஏண்டி லியோனா, இந்தக் குளிர்ல மாடி ஜன்னல எதுக்குத் திறந்து வச்சிருக்க?"

"ஆளுங்க வர்றாங்களாம். மூணு லட்சம் பேர்."

"யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கான்."

"ஒருத்தனும் வரல. அவனவன் அவனவன் வீட்ல, அவனவன் கட்டில்லதான் படுத்துக் கெடக்கான். ஊர் எல்லைக் கோட்டத்தான் தூக்கிட்டுப் போய் மாவட்ட எல்லைல போட்டிருக்காங்க."

"அப்ப ஊர் வளர்ந்தது?"

"வளரல. வயித்த எக்கிப் பிடிச்சிருந்தவன் பெல்ட்ட கழட்டிட்டான், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தவள் சிரிக்கவில்லை. "நீ ஆம் போட்ட, நான் இல்லன்னு போட்டேன்" என்றாள். "நேத்து வரைக்கும் இந்த ஊர்ல மூணு பேர்ல ஒருத்தர் எங்க கறுப்பு ஆளுங்க. கவுன்சில்ல ஒரு வார்த்தை பேசினா காது குடுத்துக் கேட்டாங்க. இன்னிக்கு எட்டுல ஒருத்தர். நாங்க யாரும் எங்கயும் போகல, சாகல. தூங்கி எந்திரிச்சோம், அவ்வளவுதான்." காபி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாள், இரண்டு பேரும் ஜன்னலை மூடினோம்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதிரியார் "ஐந்து லட்சம் பேர் கொண்ட மாநகரத்தின் மக்களே" என்று ஆரம்பித்தார். கோவிலில் இருந்தது நாங்கள் பத்தொன்பது பேர், அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். இதுவாவது போகட்டும், அடுத்த நாள் என் கொதிகலன் நின்றுவிட்டது. பழுதுபார்க்கிறவனுக்குத் தொலைபேசி செய்தேன், வந்துவிடுகிறேன் என்றான், காலை முழுக்கக் காத்திருந்தேன், ஆளைக் காணோம். மறுபடி கூப்பிட்டால், "அம்மா, நான் உங்க வாசல்லதான் நிக்கிறேன்" என்கிறான். வாசலைத் திறந்து பார்த்தேன், ஒரு பூனைகூட இல்லை.

"எந்த வாசல்ப்பா?"

"மல்பெரி தெருதானம்மா? பின்னாடி நீச்சல்குளம் இருக்கே, அந்த வீடு."

"என் வீட்ல நீச்சல்குளம் இருந்தா நான் எதுக்குப்பா கோட்டு மேல கோட்டு போட்டுக்கிட்டு உனக்கு போன் பண்றேன்?"

விஷயம் என்னவென்றால் மாவட்டத்தின் கிழக்கு மூலையிலும் ஒரு மல்பெரி தெரு இருக்கிறதாம், அங்கும் என் கதவு எண்ணில் ஒரு வீடு இருக்கிறதாம். இதுநாள்வரை அது வேறு ஊர், இது வேறு ஊர். இப்போது ஒரே நகரத்தில் இரண்டு மல்பெரி தெரு. அந்த வீட்டம்மா அவனுக்குக் காபியும் கொடுத்து, வந்ததுதான் வந்தாய் என்று தன் கொதிகலனையும் துடைக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு இன்னும் சரியாகவில்லை. ஆல்வினின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டில் ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றப் போகிறார்களாம், எதில் வீடு அதிகமோ அது பெயரை வைத்துக்கொள்ளலாமாம். பலகை அடித்த வீட்டையும் சேர்த்து எண்ணுவீர்களா என்று கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஜோலின் கூப்பிட்டாள். அவள் அழுது நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன்.

"அத்தை, அப்பா நெஞ்சுல ஒரு வால்வு கெட்டுப்போச்சாம். மாத்தலன்னா இந்த வசந்தத்தத் தாண்ட மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். அத மாத்துற ஆஸ்பத்திரி நகரத்துக்குள்ளதான் இருக்கு. இவர் வரமாட்டேங்கிறார்."

"ஏனாம்?"

"சத்தியம் பண்ணிருக்காராம். நீங்க கொஞ்சம் பேசுங்க அத்தை."

"நான் பேசினா போன வச்சிருவான்டி."

"அப்ப எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன். நீ செய்த சத்தியம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் அதன் வார்த்தைகள் எனக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும், ஏனென்றால் கேட்டுக்கொண்டு படியில் நின்றவள் நான். எழுபத்தைந்தாம் வருடம், கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க, அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊரின் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கும் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கும் மாற்றி அனுப்ப வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன வருடம். தெருவில் வாரத்துக்கு ஒரு லாரி வந்து ஒரு குடும்பத்தை அள்ளிக்கொண்டு போனது. கறுப்பர்கள் வருகிறார்கள், வீட்டு விலை விழப் போகிறது, பள்ளிக்கூடம் பாழாகப் போகிறது என்று ஆளாளுக்குப் பேசினார்கள், நீயும் பேசினாய். வந்த விலைக்கு விற்றுவிட்டு வில்லோ டெரஸ் என்று நகர எல்லைக்கு வெளியே வயலில் புதிதாக முளைத்த குட்டி ஊரில் வீடு வாங்கினாய். நீ லாரியில் கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆல்வின் நடைபாதையில் நின்று, "ஓடுறவன் ஓடட்டும். இந்த ஊர் உன்னத் தேடி வரும்னு மட்டும் நெனைக்காத" என்றார். அதற்கு நீ என்ன சொன்னாய்? "இந்த ஊரே என் வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாத்தான் மறுபடி இந்த மண்ணுல கால் வைப்பேன்" என்றாய். சொன்னபடியே இருந்தாய். என் வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கு நீ வந்ததில்லை. போன ஏப்ரலில் ஆல்வின் செத்தபோதும் வரவில்லை, அதை நான் மன்னிக்கவே போவதில்லை என்று நினைத்திருந்தேன்.

இப்போது நிதானமாகப் படி. நீ கேட்டது நடந்துவிட்டது. நீ ஓடிப்போன ஊர், உன் பின்னாலேயே வயலையும் கடைவீதியையும் தாண்டி வந்து, உன் வாசலில் நிற்கிறது. ஆல்வின் சொன்னதுதான் பொய்த்துப் போனது. புத்தாண்டு இரவு நீ உன் கட்டிலில் படுத்துத் தூங்கியபோது, கால்வெர்ட்டன் நகரத்துக்குள் தூங்கினாய். காலையில் எழுந்து செருப்பு மாட்டியபோது இந்த மண்ணில்தான் கால் வைத்தாய். சத்தியம் தானாகத் தீர்ந்துவிட்டது, நீ அதை மீறவும் இல்லை. இனி ஆஸ்பத்திரிக்குப் போவது வெளியூர் போவது இல்லை, உன் சொந்த ஊரில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதுதான். ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டான்.

எழுதுவதற்கு முன்னால் கோடு நிஜமாகவே போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று நேற்று பத்தொன்பதாம் எண் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். "கால்வெர்ட்டன் எல்லை முடிவு" என்ற பச்சைப் பலகையைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள், கம்பி நின்ற இடத்தில் குழி மட்டும் இருக்கிறது. ஆனால் பஸ் பழைய இடத்திலேயே திரும்புகிறது. ஏனப்பா, ஊர் இன்னும் அந்தப் பக்கம் போகிறதே என்று ஓட்டுநரைக் கேட்டேன். மெர்வின் என்று பெயர், அந்தத் தடத்தில் பல வருடமாக ஓட்டுகிறவன்.

"ஊர் வளர்ந்தது பஸ்ஸுக்கு இன்னும் சொல்லலீங்கம்மா" என்றான். பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க மல்பெரி தெரு ஆல்வின் சார் வீட்டம்மாதான? அன்னிக்கு அந்த ஹாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

எந்த ஹாம் என்கிறாயா? ஆல்வினை அடக்கம் செய்த அன்று சாயங்காலச் சாப்பாட்டுக்கு, வெள்ளைத் துணியில் சுற்றின ஒரு முழுப் பன்றித்தொடை, நன்றாக உப்பில் ஊறி உலர்ந்தது, பெயர் எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசற்படியில் இருந்ததை ஒடெஸாதான் எடுத்து வைத்தாள். இவ்வளவு நல்ல சரக்கு இறைச்சிக் கடை ஹெர்மனைத் தவிர யாரிடம் இருக்கும் என்று அவனுக்கு நன்றி அட்டை அனுப்பினேன், அவனும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டான்.

"யார் குடுத்தாப்பா?"

"ஒரு பெரியவரும்மா. கறுப்புக் கோட்டு, டை எல்லாம் கட்டிக்கிட்டு அந்தப் பலகைக்கு அந்தப் பக்கமா காரை நிறுத்திட்டு நின்னார். நான் முதல் தடவை திரும்பும்போதும் நின்னார், அடுத்த தடவையும் நின்னார், மதியம் தாண்டியும் நின்னார். தொப்பி கைல இருந்துச்சு. வண்டி ரிப்பேரான்னு கேட்டேன், இல்லன்னார். கடைசியா கார் மேல இருந்த ஹாமைத் தூக்கிட்டு வந்து, பலகை வரைக்கும் வந்து நின்னு, கைய மட்டும் நீட்டிக் குடுத்தார். மல்பெரி தெருல சாவு வீடு, சேர்த்துடுப்பான்னார். எறங்கி நான்தான் போய் வாங்கினேன், அவர் கால் அந்தப் பக்கமே இருந்துச்சு."

நார்பர்ட், நான் அந்தப் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன். மெர்வின் பயந்துபோய் இன்னொரு சுற்று என்னை இலவசமாகக் கூட்டிக்கொண்டு போனான். நீ வரவில்லை என்று எட்டு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், நீ வந்திருக்கிறாய். வந்து கோட்டில் நின்றிருக்கிறாய். உன்னைப் போல ஒரு முட்டாளை நம் அம்மா பெற்றதற்கு நான்தான் சாட்சி. ஆல்வின் இருந்திருந்தால் நடந்து வந்து உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார், சண்டையெல்லாம் அவருக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. அந்த ஹாமில் எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒடெஸா எலும்பை எடுத்துப் பீன்ஸ் போட்டு வேகவைத்து மறுநாள் எனக்குக் கொடுத்தாள், ஒரு வாரத்தில் நான் வாயில் வைத்தது அது ஒன்றுதான்.

ஆகையால் சொல்கிறேன். கோட்டையே பிடுங்கிவிட்டார்கள். நீ நிற்பதற்கு இனி இடமில்லை. ஜோலினைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் நாள் குறிக்கச் சொல். நான் வந்து பக்கத்தில் உட்காருவேன், நீ பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். எனக்கு வயது எழுபத்தெட்டு, உனக்கு எழுபத்திரண்டு, நம் வீட்டில் பிறந்தவர்களில் மிச்சம் நாம் இரண்டு பேர்தான். நீ போய்விட்டால் என்னை அக்கா என்று கூப்பிடவும் ஆளில்லை, முட்டாளே என்று கூப்பிட எனக்கும் ஆளில்லை. எனக்கு நீ வேண்டும். இதைவிட வெளிப்படையாக எனக்கு எழுதத் தெரியாது.

உன் நெஞ்சில் நல்லபடியாக இருக்கிற வால்வுகளை ஆண்டவர் காக்கவும், கெட்டதை டாக்டர் மாற்றவும், உன் பிடிவாதத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டிக்கொள்கிறேன். ஜோலினுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். ஒடெஸா தன் விசாரிப்பைச் சொல்லச் சொன்னாள். உன் பழைய வீட்டுப் பின்கதவு இன்றைக்கும் மழைக்கு இறுகிக்கொள்கிறது, விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
இப்போது உன் ஊர்க்காரியும் ஆகிவிட்ட உன் அக்கா,
லியோனா

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் வீண். உறையை ஒட்டப் போகும் நேரத்தில், கடிதத்தைப் படிக்கிறேன் பேர்வழி என்று ஒடெஸா மேஜைக்கு வந்தாள். புத்தாண்டு அன்று வந்த பேப்பரில் நான் முதல் பக்கம் மட்டும்தான் படித்திருந்தேன், மிச்சத்தை விரித்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாம் பக்கம் படிச்சியா?" என்றாள்.

"அதுல என்ன?"

அவள் தோலை ஒதுக்கித் தள்ளினாள். கீழே புது நகரத்தின் வரைபடம். மாவட்டம் முழுக்கக் கறுப்பு மை அடித்து, நடுநடுவே சின்னச் சின்ன வெள்ளை ஓட்டைகள். சேரமாட்டோம் என்று தனியாக ஓட்டுப் போட்டு ஒதுங்கிக்கொண்ட குட்டி ஊர்களாம். ஒடெஸா விரல் வைத்த ஓட்டை வில்லோ டெரஸ். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வெளியே நின்றுவிட்டது என்று போட்டிருக்கிறான். அது யாருடைய ஓட்டு என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆக, நகரம் உன்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறதே தவிர, உன் வாசலுக்கு வரவில்லை. உன் சத்தியம் அப்படியே முழுசாக இருக்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒடெஸாதான் பேசினாள்.

"அவன் சொன்னத மறுபடி படி."

"இந்த ஊரே என் வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாத்தான்."

"ஊர்னா யாருடி? மேயரா? பச்சைப் பலகையா? இந்த ஊர விட்டுப் போகாதவங்கதான ஊரு?" என்று சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். அப்புறம் குரலை இறக்கி, "நான் அவன் வாசல்ல எறங்கி நிக்கட்டுமா, இல்ல வண்டிலயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எறங்கு" என்றேன்.

அதனால் தம்பி, சனிக்கிழமை காலையில் கால்வெர்ட்டன் நகரம் உன் வாசலில் வந்து நிற்கும். இரண்டே பேர்தான் இருப்போம், அதில் ஒருத்திக்கு முழங்கால் சரியில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவளும் கூப்பிடுவாள். நீ சொன்ன சொல் தவறாமல் நடந்து வந்து காரில் ஏறலாம். மாற்றுத் துணி எடுத்துக்கொள், ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்கும்வரை இங்கேதான் இருக்க வேண்டும். மாடி அறையில் விரிப்பு துவைத்துப் போட்டிருக்கிறேன். மூன்று லட்சம் பேர் வருகிறார்கள் என்று செய்து வைத்தது, ஒரு ஆள் வந்தால் போதும்.